முப்பத்தி நாலு இன்ச் இடுப்பு

மாஸ்டர் அளவு எடுக்கும்போது கடையில் யாரும் பேசக்கூடாது. அது அவர் வைத்த சட்டம். டேப்பை ஆளின் தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் போட்டு, ஒரு விரலை உள்ளே நுழைத்து இழுத்துப் பிடித்து, ஏலம் கூவுகிறவன் மாதிரி எண்ணைச் சொல்வார். முக்காலியில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அவர் பெண்டாட்டி அதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுத வேண்டும். எண் தப்பாக விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு என்பார். உண்மையில் பெஞ்சில் காத்திருக்கும் நாலு பேர் காதிலும் அது விழ வேண்டும், அதற்குத்தான்.

"இடுப்பு முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு."

"போன தடவை என்ன?"

"முப்பத்தாறரை."

"ஒரு இன்ச் சேர்த்தே எழுதிக்க. கேஷியர் சார் இன்னும் வளர்ற பிள்ளை."

பேங்க் கேஷியர் சிரித்து வைப்பார். வேறு என்ன செய்வார் பாவம், துணி மாஸ்டர் கையில் இருக்கிறது. மாஸ்டர் வெட்டிய பேன்ட்டுக்கு அந்தத் தெருவில் மட்டுமல்ல, அடுத்த நாலு தெருவிலும் இணை கிடையாது. கை சுத்தம், வாய்தான் சாக்கடை. சாக்கடைக்காக யாரும் வீட்டை மாற்றுவதில்லை என்பது போல எல்லாரும் அவரிடமே வந்துகொண்டிருந்தார்கள்.

வாடிக்கையாளர்கள் மாஸ்டர் பெண்டாட்டியை 'காஜா அக்கா' என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த முக்காலியில் உட்கார்ந்து ஊரார் இடுப்பையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியவள். கத்திரியைத் தொட அவளுக்கு உத்தரவில்லை. பட்டன், காஜா, அடிமடிப்பு, இஸ்திரி, இவ்வளவுதான் அவள் எல்லை. வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். ஆனால் புருஷனைப் பற்றி அவள் மனசுக்குள் வைத்திருந்த அபிப்பிராயத்தை அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே சந்நியாசம் போயிருப்பார்.

அந்த அபிப்பிராயத்துக்கு முக்கியமான காரணம் மாஸ்டரின் சொந்த பேன்ட். கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டுக்காக அவர் தனக்குத்தானே ஒரு காக்கி காகிதத்தில் அச்சு வெட்டி வைத்திருந்தார். இடுப்பு முப்பத்தி நாலு. அது இன்றைக்கும் ஆணியில் தொங்குகிறது. அதன் பிறகு எத்தனை பேன்ட் தைத்தாலும் அதே அச்சுதான், டேப் அவர் இடுப்பைத் தொட்டதே இல்லை. 'தையல்காரன் இடுப்பு ஏறினா கடை இறங்கும்' என்பது அவருடைய வேதம். பேக்கரி பன்னும் வெண்ணெயுமாகச் சேர்ந்த வயிறு மட்டும் எங்கே போகும்? பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கி, இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து, கட்டிலில் மல்லாந்து படுத்து மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கி மாட்டி, அதற்குமேல் அகலமான பெல்ட்டை இறுக்குவார். எழுந்து நின்றதும் வயிறு பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

"வயிறு வேற, இடுப்பு வேற," என்பார் கேட்டால். "என் இடுப்பு இன்னிக்கும் முப்பத்தி நாலுதான்."

"ஆமாமா," என்பாள் அவள்.

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தது. தையல்காரனுக்கு அது அறுவடைக் காலம். சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. விடாத மழை வேறு. துணியெல்லாம் ஈரம் கோத்துப்போய், ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டுக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. காலையிலிருந்து மாலை வரை மாஸ்டர் வெட்டு மேசையருகே நின்றே கிடந்தார். அவருக்கு ஒரு பழக்கம், வலது இடுப்பை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் கத்திரி பிடிப்பார்.

ஒருநாள் பாதி வெட்டில் கத்திரியை வைத்துவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"எரியுது."

"எங்க?"

"கால்ல. யாரோ இஸ்திரிப் பெட்டியை வச்ச மாதிரி எரியுது."

உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கியது. நின்றால் திரும்பப் பிடித்துக்கொண்டது. சில நாளில் பேன்ட் துணி உரசினாலே முகம் சுளித்தார். எரிகிற இடத்திலேயே கிள்ளினால் உணர்ச்சி இல்லை. எரியவும் எரிகிறது, மரத்தும் போயிருக்கிறது, இது என்ன இழவு வியாதி என்று அவருக்கு விளங்கவில்லை.

வலி என்று வெளியே சொன்னால் போதும், வைத்தியம் வாசலில் வரிசை கட்டும். முதலில் வந்தது மாஸ்டரின் அக்கா. அந்த அம்மாளுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான், சூடு.

"வாயு தம்பி. ஒத்தடம் குடு, ஓடிப்போயிரும். ஏம்மா, நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே? கட்டினவன் கால் போய்க்கிட்டு இருக்கு, இவ பட்டன் தச்சுக்கிட்டு இருக்கா."

"பட்டன் தைக்கலைன்னா சோறு போய்க்கிட்டு இருக்கும் அண்ணி," என்றாள் அவள்.

தண்ணீர் காய்ச்சித் துணி பிழிந்து ஒத்தடம் கொடுப்பது சாதாரண மனிதர்களுக்கு. மாஸ்டர் நாலாக மடித்த துணியைத் தொடையில் போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியையே வைத்துக்கொண்டார். மரத்துப்போன தோலுக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? சுகமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை வைத்தார். சாயங்காலம் பார்த்தால் தோசைத்திருப்பி அகலத்துக்குக் கொப்புளம். ஊருக்கெல்லாம் இஸ்திரி போட்டவர் தன் தோலுக்கும் போட்டுக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். மருந்து மட்டும் தடவிவிட்டாள்.

அடுத்து பெரிய ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு, குளிர், சோபா. முதுகெலும்பு சர்ஜன் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததை விட அவருடைய முதுகெலும்பின் படத்தைத்தான் அதிக மரியாதையோடு பார்த்தார்.

"எலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பிதுங்கியிருக்கு. வலி முதுகுல இருந்து இறங்குதா?"

"ஆமா சார்."

"பாதம் வரைக்கும் போகுதா?"

"ஆமா சார்."

"விரல் மரத்துப் போகுதா?"

"ஆமா சார்."

வால் முளைத்திருக்கிறதா என்று கேட்டிருந்தாலும் ஆமா சார் என்றிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் தொடை தொடை என்று புலம்பிய மனுஷன், பாதம் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் முறைத்தார். சர்ஜன் அதற்குள் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார், அடுத்த திங்கட்கிழமை.

"ஏங்க, பாதத்துல எங்க வலிச்சுது உங்களுக்கு?" என்று படியிறங்கும்போது கேட்டாள்.

"பெரிய டாக்டர் கேக்கிறார்னா காரணம் இருக்கும். இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அவரு உங்க காலைத் தொடக்கூட இல்லையே. ஆளைத் தொடாம அளவு எடுக்கிற தையல்காரன்கிட்ட நீங்க துணி குடுப்பீங்களா?"

"உனக்கு என்ன தெரியும்? காஜா எடுக்கிறவ காஜா எடு."

கடைக்கு வந்ததும் மாஸ்டரின் நடையே மாறிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கெல்லாம் சொன்னார். "முதுகெலும்புல ஆபரேஷன். நரம்பு சமாச்சாரம். எல்லாருக்கும் வர்ற வியாதி இல்ல." முதுகெலும்பு வியாதி வந்தவருக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அவள் ஊசியைக் குத்திக் குத்தி இழுத்தாள். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. வெட்டின துணியை ஒட்டவைக்க முடியாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த மனுஷன் முதுகை வெட்டிக்கொண்டு வந்து, தொடை அப்போதும் எரிந்தால்? நிற்கவே முடியாமல் போனால்? சாக்கடை வாயாக இருந்தாலும் அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். இதை நினைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்காக அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

பேன்ட் வாங்க வந்த கேஷியர்தான் வழி சொன்னார். அவர் மனைவிக்குக் கை மரத்துப் போனபோது கத்தி வைக்காமலே சரியாக்கிய நரம்பு டாக்டரம்மா ஒருத்தர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்.

"எந்த டாக்டரும் இதைத்தான் சொல்லப்போறான்," என்றார் மாஸ்டர். "சார், உங்களுக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது. நரம்பைப் பத்திப் பேச வந்துட்டீங்க."

கேஷியர் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் போகும்போது டாக்டரம்மாவின் அறை எண்ணை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவள் கடையைத் திறக்கவில்லை. பூட்டில் சாவியைப் போடாமல் மாஸ்டரைப் பார்த்து, "டாக்டரம்மாகிட்ட வர்றீங்களா, இல்ல நான் திங்கட்கிழமை உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வராம இருக்கட்டுமா?" என்றாள். ஆஸ்பத்திரியில் தனியாகப் படுக்கிற தைரியம் மாஸ்டருக்குக் கிடையாது. கடையில் புலி, ஊசியைப் பார்த்தால் பூனைக்குட்டி. முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சோபா இல்லை. நனைந்த குடைகளுக்கு நடுவில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே டாக்டரம்மா, நரைத்த தலையும் தூக்கம் போதாத கண்ணுமாக, மாஸ்டர் நீட்டிய ஸ்கேன் கவரை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார், பிரிக்கவில்லை. மாஸ்டருக்கு அதுவே அவமானமாகப் போய்விட்டது.

"எங்க வலி?"

"முதுகெலும்புல இருந்து..."

"முதுகெலும்பு இருக்கட்டும். எரியற இடத்தைக் காட்டுங்க."

மாஸ்டர் காலை மொத்தமாகத் தடவிக் காட்டினார்.

"இப்படித் தடவினா எனக்கு என்ன தெரியும்? கோடு போட்டுக் காட்டுங்க. பேன்ட்டைக் கழட்டுங்க."

"பேன்ட்டையா?"

"பேன்ட்டுக்கா வைத்தியம் பாக்கச் சொல்றீங்க?"

திரைக்குப் பின்னால் பெல்ட்டை அவிழ்க்கவே அவருக்கு ஒரு யுகம் ஆனது. அவள்தான் போய்க் கொக்கியை விடுவித்தாள். விடுபட்ட வயிறு அப்பாடா என்று இறங்கியது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்தார். கை சுத்தம் எங்கே போகும்? தொடையின் வெளிப்பக்கம், கொப்புளம் ஆறிய தழும்பைச் சுற்றி, ஒரே இழுப்பில் கோடு போட்டு முடித்தார். பேன்ட்டின் பக்கப் பாக்கெட்டுக்கு வெட்டுகிற துண்டின் வடிவம் அப்படியே தொடையில் வந்து உட்கார்ந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

"முட்டிக்குக் கீழ?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். "இல்லம்மா. ஒருநாளும் இல்ல," என்று பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

டாக்டரம்மா காலை உதைக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார், முட்டியில் சுத்தியலால் தட்டினார், பஞ்சாலும் குண்டூசியாலும் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தொட்டுப் பார்த்தார். பலம் எதுவும் குறையவில்லை. பிறகு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில், பெல்ட் பதிந்து வாய்க்கால் மாதிரிக் கருத்துக் கிடந்த பள்ளத்தில், விரலால் தட்டினார். மாஸ்டர் துள்ளிவிட்டார்.

"தொடையில எரியுதா?"

"அங்கதான். அதே எரிச்சல்."

"இதான் உங்க வியாதி. தொடைத் தோலுக்குப் போற ஒரு நரம்பு இந்த எலும்பு ஓரமாத்தான் வெளிய வருது. நீங்க அது கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருக்கீங்க. பெல்ட்டாலயும் பேன்ட்டாலயும்."

"மேசை விளிம்பையும் அங்கதான் முட்டுக்கொடுப்பாரு," என்றாள் அவள்.

"அப்ப ரெண்டு விதத்துலயும் நெரிப்புதான்."

"ஸ்கேன்ல தட்டு பிதுங்கியிருக்கே," என்றார் மாஸ்டர், பிடி விடாமல்.

"உங்க வயசுல பாதிப் பேருக்குப் பிதுங்கித்தான் இருக்கும். அதுபாட்டுக்கு இருக்கும். அந்தப் பிதுக்கத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் பொருத்தம் இல்ல. பெல்ட் போடக் கூடாது. தளர்வா உடுத்துங்க. நிக்கிறதைக் குறைங்க, மேசையில சாயாதீங்க. வயிறு குறையணும். எரிச்சலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை. ஒரு மாசம் பாப்போம். அடங்கலைன்னா அந்த இடத்துல ஒரு ஊசி போடலாம். கத்தியைப் பத்தி இப்ப பேச்சே வேணாம்."

அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தவள்தான். இந்த மனுஷனின் வீம்பு தோலில் பதிந்து கிடக்கிறது என்று ஏளனமாக நினைத்ததோடு சரி, வலி அதற்குள் ஒளிந்திருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

மாஸ்டருக்குச் சந்தோஷம் வர வேண்டுமே. அதுதான் இல்லை. வீடு வரும்வரை உம்மென்று வந்தவர், பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டே வெடித்தார்.

"பெல்ட்டைக் கழட்டச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? நான் திங்கட்கிழமை ஆபரேஷனுக்குத்தான் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஊரெல்லாம் முதுகெலும்புன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப போய், பேன்ட் பத்தலை, அதான் கால் எரியுதுன்னு சொல்லவா? ஒரு தையல்காரன் சொல்ற பேச்சா அது?"

முதுகை வெட்டக் கொடுக்கத் தயார், முப்பத்தி நாலை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. இப்படி ஒரு பிறவி உலகத்தில் இன்னொன்று இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பேன்ட்டைப் பிரிச்சுப் பெருசாக்கித் தர்றேன். யாருக்கும் தெரியாது."

"முடியாது."

முடியாது என்று அவர் சொன்னது பிடிவாதத்தில் மட்டுமல்ல. ஊரார் பேன்ட்டுக்கெல்லாம் பின்தையலில் இரண்டு இன்ச் துணியை உள்ளே மடித்து விடுவார், நாளைக்கு ஆள் பருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று. தன் பேன்ட்டில் நூலளவுகூட விட்டதில்லை. நான் ஏன் பருக்கப்போகிறேன் என்ற திமிர். பிரித்தால் சேர்க்க ஒன்றும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாஸ்டர் அவித்த முட்டையும் பன்னும் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார். பெல்ட் இல்லாமல் போர்வைக்குள் படுத்தால் மட்டும் அவருக்கு எரிச்சல் அடங்கிவிடும், அது டாக்டரம்மா சொன்னதற்குச் சாட்சி என்று மட்டும் ஏற்றுக்கொள்ளமாட்டார். அவள் தையல் பிரிக்கிற பிளேடை எடுத்தாள். அவருடைய பேன்ட்டுகள் அத்தனையையும் மடியில் போட்டு, ஒவ்வொன்றாகப் பின்தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்தாள். பிறகு வீட்டின் முன்பக்கத்துக் கடைக்குள் வெட்டு மேசைக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்திரியை எடுத்து, பெல்ட்டை இரண்டாக வெட்டினாள். நல்ல தோல் பெல்ட், சுலபத்தில் மசியவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள்.

எழுந்து பார்த்தவர் குதித்தார். அந்தக் கத்திரி எத்தனை வருஷத்துக் கத்திரி தெரியுமா என்றார், தோலை வெட்டி முனையை மழுக்கிவிட்டாய் என்றார், உன்னைக் கட்டியதற்கு ஒரு மிஷினைக் கட்டியிருக்கலாம் என்றார். அவள் சாவகாசமாக ஒரு பைஜாமாவை நீட்டினாள். மிஞ்சிய சீருடைத் துணியைப் பிளேடாலேயே கீறி, காலையில் தைத்து வைத்தது, இடுப்பில் நாடா.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. தெரு வழியா. நான் தடுக்கலை."

மாஸ்டர் போகவில்லை. பள்ளிக்கூடச் சீருடை நிறத்தில் பைஜாமா போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதை விடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற ஆள். திங்கட்கிழமை வந்தது, போனது. கடையின் பின்னறையில் உட்கார்ந்தபடியே வெட்டினார். முன்னால் அவளே நின்று துணி வாங்கினாள். மாத்திரையை மட்டும் அவள் கையால் கொடுத்தால் கசக்கிறது என்று தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். வெண்ணெய் வீட்டுக்குள் வருவது நின்றது.

எரிச்சல் ஒரேயடியாக ஓடிப்போகவில்லை. முதலில் துணி உரசுவதைப் பொறுக்க முடிந்தது. பிறகு ராத்திரி முழுதும் தூங்கினார். மழை விட்டு வெயில் வந்த ஒரு நாளில், மேசையில் சாயாமலே ஒரு முழு பேன்ட்டை நின்று வெட்டி முடித்தார், கடைசியில்தான் கால் ஞாபகம் வந்தது. தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார். "இது முதுகெலும்பு இல்லைன்னு."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவள் அடுத்த காஜாவுக்கு ஊசியில் நூலைக் கோத்தாள்.

ஆனால் எத்தனை நாள் பைஜாமாவோடு பின்னறையில் கிடப்பது? ஒரு சனிக்கிழமை ஆணியிலிருந்து காக்கி அச்சை எடுத்து வந்தார். அவள் அதை வாங்கி, மடித்து, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க முன்னால. வெளிச்சத்துல."

"இங்கேயே எடு."

"இங்க எண்ணு தெரியாது."

முன்னால் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் கேஷியர். மாஸ்டர் திரும்பிப் போகப் பார்த்தார், அதற்குள் டேப் அவரைச் சுற்றி வளைத்துவிட்டது. பழக்கதோஷம், கடையில் பேச்சு தானாக நின்றது.

"கீழ இறக்கிப் பிடி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எல்லாருக்கும் எங்க பிடிப்பீங்களோ அங்கதான் பிடிச்சிருக்கேன்."

ஒரு விரலை உள்ளே விட்டாள். மாஸ்டர் மூச்சை இழுத்தார். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் மூச்சைப் பிடிக்க முடியும்? விட்டார். வயிறு அதன் இடத்துக்கு வந்தது.

"மெதுவாச் சொல்லு," என்றார். கெஞ்சல் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்காத குரல் அது.

"இடுப்பு முப்பத்தொன்பது," என்றாள் அவள், பெஞ்சின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.

திருப்பிச் சொல்ல முக்காலியில் ஆள் இல்லை. பிறகு கேஷியர் எழுந்து, முக்காலிமேல் கிடந்த நோட்டை எடுத்துக்கொண்டு, "முப்பத்தொன்பது," என்று சொல்லி எழுதினார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத் தப்பித்திருப்பார்.

"போன தடவை என்ன அக்கா?" என்று கேட்டார்.

"போன தடவைன்னு ஒண்ணு இல்ல சார். இதான் முதல் தடவை."

மாஸ்டர் கைகளைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார், டேப்பை எடுத்தபிறகும். கேஷியரைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த புதுத் துணியைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பின்தையல்ல ரெண்டு இன்ச் உள்ள விட்டு வெட்டு."

வெட்டு என்று அவளிடம் சொல்லிவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவள் கத்திரியை எடுத்தாள்.

"மூணு விடறேன்," என்றாள்.